வளவுச் சீட்டும் நம்ம சங்க நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மில்லுக்காரக் குடும்பங்களோட வாழ்க்கை பத்திப் பேசச் சொல்லி எனக்குச் சொல்லியிருக்காங்க. கோன் வைண்டிங்கில் 17 வருஷம் நின்னவ நான். மிஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசியே பழக்கம். அதனால மைக் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

நம்ம கோயமுத்தூர்ல மொத மில்லு 1888-ல் வந்துச்சு. ஸ்டேன்ஸ் மில்லுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1930-களில் பைக்காரா கரண்டு வந்த பிறகுதான் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், ஒண்டிப்புதூர்னு மில்லுமேல மில்லா எழும்புச்சு. மழை இல்லாம காடு காஞ்சவங்க, பண்ணையத்துல கூலிக்கு இருந்தவங்க எல்லாம் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. எங்க அப்பாரும் அப்படித்தான் பல்லடத்துப் பக்கமிருந்து வந்தவரு. வந்து சேர்ந்த அன்னைக்கு அடுப்பு மூட்டப் பாத்திரம் இல்லை. பக்கத்து வீட்டு ஆத்தா ஒரு போசியைக் கொடுத்து, "அப்பறமா குடுங்க"ன்னு சொல்லிச்சாம். அந்தப் போசியை நாங்க திருப்பிக் கொடுக்கவே இல்லைன்னு எங்க அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க.

வளவுன்னா இளசுகளுக்குத் தெரியாது. நடுவுல வாசல், ரெண்டு பக்கமும் வரிசையா ஒரு அறை, ஒரு சமையல்கட்டு உள்ள வீடுக. எங்க வளவுல 14 வீடு, ஒரு தண்ணிக் குழாய். ஒரு வீட்டுல தாளிச்சா எல்லா வீட்டுக்கும் வாசம் போகும். ஒரு வீட்டுல சண்டைன்னாலும் அப்படித்தான்.

எங்களுக்குக் கடிகாரம் மில்லுச் சங்குதான். மொதச் சங்குக்கு அடுப்புப் பத்தவைக்கோணும். ரெண்டாவது சங்குக்குத் தூக்குப்போசியில சோறு கட்டி முடிச்சிருக்கோணும். கடைசிச் சங்குக்கு ஆளு கேட்டுக்குள்ள இருக்கோணும். பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டுன்னு வாரா வாரம் மாறும். ஆம்பளைக்கு ஷிப்டு மாறுச்சுன்னா வீடே மாறும். முழு நைட்டு முடிச்சு வந்து அவர் பகல்ல படுத்தா, ஒத்த அறை வீட்டுல புள்ளைக எங்கே போகும்? வாசல்லதான். "அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதீங்க"ன்னு கேட்டுக் கேட்டே எங்க புள்ளைக வளந்துச்சுக. அரை நைட்டு முடிஞ்சு நடுராத்திரி வர்றவருக்குச் சோத்தைச் சூடு பண்ணிப் போட ஒரு தடவை எந்திரிப்போம். விடியக்காலம் தண்ணி புடிக்க இன்னொரு தடவை. பொம்பளைக்கு மட்டும் மூணு ஷிப்டும் ஒரே நாள்ல வரும்.

மில்லுலயும் பொம்பளைங்க இருந்தோம். எங்க அம்மா ரீலிங்கில் சிட்டம் போட்டாங்க. கைத்தறிக்காரங்களுக்குப் போற நூல் அது. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ராத்திரி 7 மணியிலிருந்து காலையில 6 மணி வரைக்கும் பொம்பளைங்களை வேலை வாங்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. குழந்தைகளை விடறதுக்கு மில்லுலயே காப்பகம் வைக்கோணும்னும் சொல்லுச்சு. நல்லதுக்குச் சொன்னதுதான். ஆனா மூணு ஷிப்டும் ஓட்டற மில்லு, மூணு ஷிப்டுக்கும் வர்ற ஆளைத்தானுங்க தேடும்? ஸ்பின்னிங், கார்டிங் எல்லாம் ஆம்பளைங்களுக்குப் போச்சு. எங்களுக்கு ரீலிங்கும் வைண்டிங்கும் மிச்சம். பின்னாடி ஆட்டோ கோனர் மிஷின் வந்துச்சு. அது தானே அறுந்த நூலைக் கோத்துக்குது. ஒரு ஷிப்டுல நாங்க கையால போட்ட முடிச்சு எத்தனை ஆயிரம் இருக்கும்! அதுக்கு இனி ஆளே வேண்டாம்னு ஆயிருச்சு.

கஷ்டத்தை மட்டும் சொல்லிட்டுப் போனா எங்க வளவுக்காரங்க கோவிச்சுக்குவாங்க. ஆயுத பூஜை அன்னைக்குத்தான் வருஷத்துல ஒரு நாள் குடும்பத்தோட மில்லுக்குள்ள விடுவாங்க. மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாவிலை. எங்க வீட்டுக்காரர் ஸ்பின்னிங்கில் சைடர். "இதுதான் நம்ம மிஷின்"னு புள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரு. அன்னைக்கு மட்டும் அது சத்தம் போடாம நிக்கும். பொரியும் கடலையும் மடி நிறைய வாங்கிட்டு வருவோம். தீபாவளி போனஸ் வந்தா வளவே துணிக்கடைக்குக் கிளம்பும். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வரிசையில நின்னு பேசியே ரெண்டு கல்யாணம் முடிச்சு வச்சிருக்கோம்னா பாத்துக்கோங்க.

சம்பள நாள் வேற மாதிரி. மில்லு கேட்டுக்கு வெளியில வட்டிக்காரங்க வரிசையா நிப்பாங்க. கவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி காலி. மீதியில மளிகைக்கடைப் பாக்கி. அதுக்குத்தான் நாங்க பொம்பளைங்க சீட்டுப் போட்டோம். 20 பேர், மாசம் 100 ரூபாய், 2,000 ரூபாய்ச் சீட்டு. மாசா மாசம் குலுக்கிப் போட்டு யார் பேரு வருதோ அவங்களுக்கு. ஏலம் கிடையாது, கமிஷன் கிடையாது. வளவுல மூத்த அக்கா ஒருத்தங்கதான் புடிச்சாங்க. கையெழுத்து, பத்திரம் எதுவும் இல்லை. வாய் வார்த்தைதான்.

இப்ப நான் சொல்லப்போறது எனக்குக் கூச்சமான விஷயம். எங்க குழுவுல பல பேருக்கே தெரியாது.

1990-களின் நடுவுல போட்ட சீட்டு அது. நாலாவது மாசம் என் பேரு விழுந்துச்சு. 2,000 ரூபாயையும் மூத்த பொண்ணு சடங்குக்குச் செலவு பண்ணிட்டேன். ஒன்பதாவது மாசம் கட்டி முடிச்ச வாரம் மில்லைப் பூட்டிட்டாங்க. காலையில ஷிப்டுக்குப் போனவங்க கேட்டுல நோட்டீஸைப் படிச்சுட்டுத் தூக்குப்போசியோட திரும்பி வந்தாங்க. என் வீட்டுல ரெண்டு சம்பளமும் ஒரே நாள்ல நின்னு போச்சு. சங்கும் ஊதலை. அடுத்த நாள் வளவுல பாதிப் பேரு பழக்கத்துல நேரத்துக்கே எந்திரிச்சு வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க.

பத்தாவது மாசச் சீட்டை யாராலயும் கட்ட முடியலை. கணக்கைப் பாருங்க. சீட்டு எடுத்தவங்க நாங்க 9 பேர். ஆளுக்கு 900 கட்டி 2,000 வாங்கியிருக்கோம். இன்னும் 1,100 ரூபாய் கட்டோணும். எடுக்காதவங்க 11 பேர். ஆளுக்கு 900 ரூபாய் அவங்களோடது எங்ககிட்ட நிக்குது. ரெண்டு பக்கமும் கூட்டினா அதே 9,900 ரூபாய்தான்.

எடுக்காதவங்கள்ல எதிர்வீட்டுத் தங்கச்சியும் ஒருத்தி. அப்ப எட்டு மாசம். பிரசவச் செலவுக்குன்னே சீட்டுச் சேர்ந்தவ. அவங்க எல்லாரும் வாசல்ல கூடிப் பேசற சத்தம் கேட்டுச்சு. நான் கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டு, புள்ளைகளையும் பேசாதீங்கன்னு சொல்லிட்டு உள்ளே உக்காந்துட்டேன். மத்தவங்க முகத்துல முழிக்கிற தைரியம் எனக்கு இல்லைங்க.

கொஞ்ச நேரத்துல கதவைத் தட்டினது அவதான். "கதவைச் சாத்திக்கிட்டாக் காசு வந்துருமாங்க்கா? வெளிய வாங்க. உக்காந்து பேசலாம்"னு சொன்னா. குரல்ல கோபம் இருந்துச்சு. பின்னாலயே, "புள்ளைக சாப்பிட்டுச்சுகளா?"ன்னும் கேட்டா.

அன்னைக்கு ராத்திரி வாசல்ல 20 பேரும் உக்காந்தோம். சத்தம் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கடைசியில சீட்டுப் புடிச்ச அக்கா ஒரு வழி சொன்னாங்க. எடுத்தவங்க 9 பேரும் வாரம் 10 ரூபாய் கொடுக்கோணும். வாரத்துக்கு 90 ரூபாய். பத்து வாரத்துல 900. பத்து வாரத்துக்கு ஒருத்தருக்கு முழுசா கொடுத்து முடிச்சரலாம். குலுக்கல் இல்லை. யாருக்கு அவசரமோ அவங்களுக்கு முன்னால. மொதப் பேரு எதிர்வீட்டுத் தங்கச்சியோடது. பிரசவத்துக்குப் பத்து வாரம் காத்திருக்க முடியாதுன்னு, மொத 300 ரூபாயைச் சீட்டுப் புடிச்ச அக்கா தோட்டை அடகு வச்சுக் கொடுத்தாங்க. வசூல் வந்ததும் மீட்டுக்கிட்டாங்க.

எட்டாவது படிக்கிற பையனோட பழைய நோட்டுல, மீதிப் பக்கத்துல கோடு போட்டு எழுத ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வரோணும். காசு இல்லைன்னாலும் வந்து "இல்லை"ன்னு சொல்லோணும். கதவைச் சாத்தக் கூடாது. அதுதான் எங்க மொதத் தீர்மானம்.

வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போனாரு. நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனேன். சில வாரம் அந்தப் பத்து ரூபாய்க்குப் பால் நிறுத்தினோம். கடன் வச்ச 9 பேர்ல ரெண்டு குடும்பம் வீடு மாத்திப் போச்சு. ஒருத்தங்க மாசம் ஒருக்கா பஸ் ஏறி வந்து மொத்தமாக் கொடுத்துட்டுப் போவாங்க. இன்னொருத்தங்க வரலை. அந்தப் பாக்கியை மத்தவங்க பிரிச்சுக்கிட்டோம். 110 வாரத்துல முடிய வேண்டியது, ஏழெட்டு வாரம் தள்ளி முடிஞ்சுது. கடைசிப் பேரை அடிச்ச அன்னைக்கு எல்லாருக்கும் டீ.

அதுக்கு அப்பறம் சில வருஷம் கழிச்சு, மகளிர் திட்டத்துல குழு அமைக்கிறதுக்கு ஒரு அம்மா வந்தாங்க. "12 பேரு முதல் 20 பேரு வரைக்கும் சேரலாம், வாரா வாரம் கூடோணும், சேமிக்கோணும், உள்கடன் கொடுக்கோணும், தீர்மான நோட்டு எழுதோணும்"னு விளக்கினாங்க. எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு. பழைய நோட்டை எடுத்துக் காட்டினோம். அந்தம்மா அதை முழுசாப் புரட்டிப் பாத்துட்டு, "உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர்றது?"ன்னு கேட்டாங்க. ஆனாலும் எங்ககிட்ட இல்லாதது ஒண்ணு அவங்க கொண்டுவந்தாங்க. எங்க பேர்லயே வங்கிக் கணக்கு. 17 வருஷம் சம்பளம் வாங்கினவ நான். பாஸ் புத்தகத்துல என் பேரைப் பாத்தது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

சரி, இந்தப் பழங்கதையை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்னு கேப்பீங்க. காரணம் இருக்குதுங்க.

எங்க வளவு இன்னும் இருக்கு. பழைய குடும்பம் நாலுதான் மிச்சம். மத்த வீடுகள்ல இப்ப ஒடிசா, பீகார்ல இருந்து வந்தவங்க. சுத்துவட்டார மில்லுகள்ல அவங்கதான் இப்ப நைட்டு ஷிப்டு பாக்கறாங்க. அதே ஒத்த அறை, அதே மாதிரி பகல்ல தூங்கற ஆம்பளை, அதே மாதிரி வாசல்ல விளையாடற புள்ளைக. அந்த அம்மா புள்ளைகிட்ட என்ன சொல்றான்னு எனக்குப் பாஷை புரியாது. ஆனா என்ன சொல்றான்னு எனக்குத் தெரியும்.

போன வருஷம் அதுல ஒரு பொண்ணு எங்க குழுவுல சேரலாமான்னு கேட்டா. நாங்க முடியாதுன்னுட்டோம். ரேஷன் கார்டு இந்த ஊருது இல்லை, நாளைக்கே ஊருக்குப் போயிட்டா யாரு பொறுப்புன்னு பேசினோம். நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். நானும் கையைத் தூக்கினேன். அவ வாரக் கடன் கொடுக்கறவங்ககிட்ட வாங்கினா. புருஷனுக்கு மில்லுல கையில அடிபட்டு ரெண்டு வாரம் சம்பளம் இல்லை. வசூலுக்கு ஆள் வந்த அன்னைக்கு அவ வீட்டுக் கதவு தாப்பாள் போடற சத்தம் கேட்டுச்சு. புள்ளையோட வாயைப் பொத்தியிருப்பா போல, அந்தச் சத்தமும் பாதியில நின்னுச்சு.

அந்தத் தாப்பாள் சத்தம் எனக்குத் தெரிஞ்ச சத்தமுங்க. ராத்திரி பூரா தூக்கம் வரலை. காலையில போய்க் கதவைத் தட்டினேன். அரைகுறைத் தமிழ்ல அவளும், கையைக் காட்டி நானும் பேசினோம். வாரத் தவணைக்கு என் சொந்தக் காசைக் கைமாத்தாக் கொடுத்தேன். மூணு வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டா.

அதனால இந்த ஆண்டு விழாவுல கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கறேன். வங்கிக் கடனுக்கு ஆதார், முகவரி எல்லாம் கேப்பாங்க. அதுல வெளியூர்க்காரங்களுக்கு என்ன வழி இருக்குன்னு அலுவலர்கள் இங்கேயே இருக்காங்க, கேட்டுச் சொல்லட்டும். அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சின்னச் சேமிப்புக்கும், அதுக்குள்ள ஒரு கைமாத்துக்கும், கூட்டத்துல பாய் விரிச்சு உக்கார வைக்கறதுக்கும் எந்தக் கார்டும் வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் தெருவுல இருக்கற வெளியூர்க் குடும்பத்துல ஒருத்தரையாவது அடுத்த மாசக் கூட்டத்துக்குக் கூப்பிடோணும். ஊருக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க 9 பேர்லயும் ஒருத்தங்க திரும்பி வரலை. அவங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க. பஸ் ஏறி வந்து கட்டினவங்க வெளியூர்ல இருந்து பொழைக்க வந்தவங்க.

எங்க குழுவுல வர்ற ஞாயித்துக்கிழமை இதைத் தீர்மானமாக் கொண்டுவரப் போறேன். போன வருஷம் தூக்கின கையை இந்தத் தடவை வேற பக்கம் தூக்கப் போறேன். நீங்களும் உங்க நோட்டுல எழுதுங்க.