மதில் போன வழி



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்துவரும் வட்டம் இது. இங்குப் படிக்கப்பெறும் பாடல்களில் அடிக்கடி வரும் சொற்களை எண்ணினால் நிலவும் தாயும் முதலிடம் பெறும். அடுத்த இடம் கோட்டைக்கும் கொத்தளத்திற்கும் என்றே நினைக்கிறேன். பகைவர் நடுங்கிய மதில், முதலை உலவிய அகழி, யவனர் வந்திறங்கிய துறை என்று பாடுகிறோம். பாடும் நம்மில் எத்தனை பேர் ஒரு பழைய மதிலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அத்தகைய இடங்களை நேரில் காணத் தொடங்கிய பிறகு நான் புறத்திணை நடத்தும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

முதலில், பக்கத்தில் இருப்பது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே, பேருந்தில் இருந்தபடியே கண்ணிற்படுவது ரஞ்சன்குடிக் கோட்டை. வெட்டுக்கல்லால் எழுப்பிய மூவடுக்கு மதில், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. உச்சிப் பகுதிக்குக் கோட்டைமேடு என்றும் கீழ்ப்பகுதிக்குப் பேட்டை என்றும் பெயர். மாணவியரை அங்கு அழைத்துச் சென்றபோது, சோழர் கட்டியது என்றே பலரும் எண்ணியிருந்தனர். அன்று. பதினேழாம் நூற்றாண்டில், கருநாடக நவாபிற்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டியது.

இக்கோட்டையை ஒட்டிய வாலிகண்டபுரத்தில் 1751ஆம் ஆண்டு ஒரு போர் நடந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம். முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம். கம்பெனியின் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஆர்ம் ஒரு செய்தி தருகிறார்: கோட்டைத் தலைவன் எவர் பக்கமும் சேராமல், இரு தரப்பாரோடும் பேச்சு நடத்திக்கொண்டு நாளைக் கடத்தினானாம். தொல்காப்பியர் முற்றுகையிடுவோனையும் உள்ளிருந்து காப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணையில் வைத்தார். புறப்பொருள் வெண்பாமாலையார் காப்போனைப் பிரித்து நொச்சி சூட்டினார். வாயிலைத் திறக்காமலும் அடைக்காமலும் விலை பேசிய இவனுக்கு எந்தப் பூவைச் சூட்டுவது? வகுப்பில் இவ்வினாவை எழுப்பியபோது ஒரு மாணவி, "எருக்கம்பூ, அம்மா" என்றாள். இலக்கணம் அறிந்தோர் பொறுத்தருள்க. கோட்டை என்றால் வீரம் என்று மட்டுமே எழுதுகிறோம். அச்சமும் பேரமும் பசியும் அதே மதிலுக்குள்தான் இருந்தன.

இனி யவனர். அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறியைப் பாடுகையில், யவனரின் கலம் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்றதைக் காட்டுகிறார். முல்லைப்பாட்டில் யவனர் அரசன் பாசறையைக் காக்கின்றனர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகத்திலோ, அவர்கள் கைகள் பின்னே கட்டுண்டு, தலையில் நெய் வார்க்கப்பெற்று நிற்கின்றனர். வணிகன், காவலன், கைதி ஆகிய மூவரையும் நம் முன்னோர் பாடியிருக்க, நாமோ வணிகனை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெட்டியப் பானை ஓடுகள் குயவர் முத்திரையோடு வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டு உரோமானியர் அமைத்த வணிகத்தலம் என்று அவர் முடிவு கட்டினார். அது பாடநூல்களில் ஏறி நெடுங்காலம் நிலைத்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்தனர். அந்த ஓடுகள் வருவதற்கு முன்பே அங்கே நம்மவர் குடியிருப்பு இருந்தது தெளிவாயிற்று. விருந்தாளி கொண்டுவந்த பாத்திரத்தைப் பார்த்து, வீடே விருந்தாளியுடையது என்று சொன்ன கதைதான். அங்குச் செல்வோர் பெருங்கட்டடங்களை எதிர்பார்த்து ஏமாற வேண்டா. தென்னையும் மாமரமும் ஆற்றுக்காற்றும் இருக்கும், பழமையெல்லாம் மண்ணுக்குள்.

யவனர் ஏற்றிச் சென்ற மிளகின் தடத்தையும் காண்போம். எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள பெரெனிக்கேயில், கோயிலொன்றின் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அக்கரையின் குசேர் அல்-காதிமில் 'கணன்', 'சாதன்' என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. இன்னும் வடக்கே, இங்கிலாந்தின் விந்தோலாந்தாப் படைவீட்டில் கிடைத்த மரப்பலகை ஏடு ஒன்றில் மிளகுக்கு இரண்டு தினாரியம் என்று கணக்கு எழுதப்பட்டுள்ளது. குளிரில் நடுங்கிய படைவீரன் ஒருவன், ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், தன் கூலியை நம் பக்கத்து மலைச்சரக்கிற்குக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் படைவீட்டை அடுத்துத்தான் கி.பி. 122இல் ஹாட்ரியன் என்னும் பேரரசன் கடலுக்குக் கடல் ஒரு மதில் எழுப்பத் தொடங்கினான். அதன் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மிகுதி. உழவர் தம் வேலிக்கும் வீட்டிற்கும் அதன் கல்லை எடுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அரசே படைச்சாலை ஒன்றுக்காக அதை உடைத்தது. எஞ்சியதைக் காக்க, 1834 முதல் ஜான் கிளேட்டன் என்னும் செல்வர் மதில் ஓடும் நிலங்களைத் தம் பணத்தில் வாங்கத் தொடங்கினார்.

1834 என்ற ஆண்டை நினைவில் நிறுத்துங்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1836இல், நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்தது வேறு. முதலாம் இராசேந்திரன் எழுப்பி, சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர் அது. கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கருங்கல் வேண்டும் என்று, கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல்லைக் கொண்டுசென்றனர். மூலவர் இருக்கும் விமானம் தப்பியது நம் நல்வினை.

ஆனால் ஒன்று பலர் அறியாதது. ஊர் மக்கள் தடுத்தனர். எளிய குடியானவர்கள், வெள்ளையர் ஆட்சியில், கல்லை எடுக்கவிடாமல் முயன்றனர். அதற்காகத் தண்டிக்கவும் பட்டனர். இடித்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொன்ன வாக்கும் காக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட இக்குறிப்பை நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எடுத்துக்காட்டுகிறார். நின்றவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. இராசேந்திரனைப் பாடிய கவிதைகள் இவ்வட்டத்தில் நிறைய உண்டு. உடையார்பாளையத்துச் சீமையில் மதிலின் முன் நின்ற அந்தக் குடியானவர்களைப் பாடிய ஒன்றையும் நான் கேட்டதில்லை.

அழுது முடித்துவிடவும் வழியில்லை. அந்தக் கீழணை தேக்கிய நீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குச் செல்கிறது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து நெல் அதில் விளைகிறது. 2004 முதல் அந்நீர் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. மதில் போன வழி அது. தடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சோற்றை உண்டிருப்பார்கள். இதை எளிதாக இரண்டு பக்கமாகப் பிரிக்க என்னால் இயலவில்லை. கவிஞர்கள் இயன்றால் செய்யுங்கள்.

மாளிகைமேட்டில் எஞ்சியது செங்கல் அடித்தளம். அதிலும் செங்கல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்துவிட்டனர். 1980களில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோதும், 2021 முதல் மீண்டும் அகழ்ந்தபோதும், கூரை ஓடு, இரும்பாணி, சீனப் பானைச் சில்லு, வளையல் துண்டு என்று அரண்மனையின் குப்பைதான் பெரும்பாலும் கிடைத்தது. கல்வெட்டில் 'இராசேந்திர சோழன் மதில்' என்றும் 'உட்படைவீட்டு மதில்' என்றும் பெயர் பெற்றவை இன்று இல்லை. சுற்றியுள்ள ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. இவற்றுள் சுண்ணாம்புக்குழி எனக்கு மிகவும் பிடித்தது. சுண்ணாம்புக்கல் வெட்டும் ஓசை கேட்டு வளர்ந்த நம் பகுதியார்க்கு அப்பெயரை விளக்க வேண்டா.

ஆகவே வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை மாளிகைமேட்டில் நடத்துவோம். அதற்கு முன்னால், ஒருவருக்கு ஓர் ஊராகச் சென்று, அங்குள்ள முதியோரிடம் அப்பெயர் வந்த கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். கவிதை அதற்குப் பிறகு. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். குடிநீரைக் கையோடு கொண்டுவாருங்கள். மேட்டில் நிழல் குறைவு.