ஓசையைக் கேளுங்கள், உறுப்பைக் கழற்றாதீர்கள்



சிறுசேரிக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதனையடுத்து முட்டுக்காட்டு உப்பங்கழி. அப்பால் கோவளக் கடல். அங்கிருந்து வீசும் ஈரக்காற்று மாந்தருக்கு இனிது, மகிழுந்துக்கோ பகை. வைகறையில் திறவுகோலைத் திருப்பினால் உந்து கிளம்ப மறுக்கும். உடனே 'பேட்டரி போயிற்று' என்று புதியது வாங்கிப் பணத்தை இழப்போர் எத்தனை பேர்! பல வேளைகளில் பழுது உறுப்பில் இல்லை. உறுப்பும் கம்பியும் தொடும் முனையிலேயே இருக்கின்றது.

ஆதலின் முதற்கண் காதைத் தீட்டிக்கொள்க. முன்விளக்கை எரியவிட்டுத் திறவுகோலைத் திருப்புக. 'டக்' என்னும் ஓசை மட்டும் எழுந்து விளக்கு மங்கினால், மின்கல அடுக்கில் ஆற்றல் குன்றியிருக்கலாம். அதன் முனைகளில் வெண்பச்சைப் பூப்புப் படிந்திருக்கலாம். விளக்கும் மங்காமல் ஓசையும் எழாவிடில், பட்டறையில் 'செல்ஃப்' எனப்படும் தொடக்க மின்னோடியையும் அதற்குச் செல்லும் கம்பியையும் ஐயுறுக. மின்னோடி விரைந்து சுழற்றியும் பொறி உயிர்பெறவில்லையா? அப்போது மின்கலத்தைப் பழிப்பது பேதைமை. தீப்பொறியோ, 'பெட்ரோல்' எனப்படும் கன்னெயோ உரிய இடம் சேரவில்லை.

மின்கல அடுக்கில் 6 அறைகள் உள்ளன. நிறைவாக மின்னேறிய அடுக்கு ஓய்விலிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பொறியைச் சுழற்றும்போது 9.6-க்கும் கீழே இறங்கினால் அது நலிந்தது. எளிய மின்னழுத்தமானியே இதனைச் சொல்லிவிடும். பூப்பு மட்டுமே குற்றமெனில், எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, எதிர்முனையை இறுதியில் மாட்டி, வாசலின் தடவுக. செலவு சில உருபாக்களே!

வண்டலூர்ப் பக்கத்தில் உருவான 'சுடாண்டர்டு எரால்டு' போன்ற பழைய உந்துகளின் அமைப்பு வேறு. மின்தூண்டு சுருள் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். பகிர்மானி அதனை 4 தீப்பொறிச் செருகிகளுக்கும் முறைவைத்து வழங்கும். ('காயில்' என்று மனப்பாடம் செய்யும் பட்டறைச் சிறுவனுக்கு, 'மின்தூண்டு சுருள்' என்றால் அதன் வேலையும் உடன் விளங்கும்.) இம்முறையை வகுத்த அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங்கே, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் உந்துக்கு மின்தொடக்கியையும் அமைத்தார். அதற்குமுன் கைக்கோலால் பொறியைச் சுழற்றிக் கைமுறிந்தோர் உண்டு. அத்தகைய பழைய உந்தின் பகிர்மானி மூடிக்குள் பனியீரம் புகுந்தாலே போதும், தீப்பொறி வழிதவறிவிடும். அதற்கு உலர்ந்த துணியே மருந்து.

இன்றைய உந்துகளில் பகிர்மானி இல்லை. பழைய பழக்கத்தில் செருகியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பொறியைச் சுழற்றினால், சுருளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் கெடக்கூடும். பிழைக்குறி படிக்கும் கருவியுடையாரை நாடுக. முகப்பில் திறவுகோல் வடிவ விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் திருட்டுத்தடுப்பு அமைப்பையும் பார்க்கச் சொல்லுக.

இறுதியாக ஒன்று. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னை, செங்கற்பட்டுப் பகுதிகளில் எண்ணற்ற உந்துகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய உந்தைக் 'கிளம்புகின்றதா, பார்ப்போம்' என்று சுழற்றுவது பெருங்கேடு. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. உருளைக்குள் நீர் புகுந்திருப்பின், உந்துதண்டை இணைக்கும் கோல் வளைந்து பொறியே பாழாகும். வெள்ளம் வடிந்ததும் மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். அதுவரை திறவுகோல் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.