நாங்கள் வெட்டியாக விளையாடவில்லை

(திருவதிகையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெட்டி.

சின்ன வயதில் கபடி ஆடிவிட்டு முட்டியெல்லாம் மண்ணோடு வீட்டுக்குப் போவேன். "வெட்டியா சுத்திட்டு வர்றியா" என்று அம்மா திட்டும். வெட்டி என்றால் பயனில்லாதது என்று இன்று நினைக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்குப் பொருள் வேறு. கூலி இல்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலைக்குப் பெயர் வெட்டி. கூலி கொடுக்காமல் வேலை வாங்கியவனுக்கு இழிவு வரவில்லை. வேலை செய்தவனுக்கு வந்தது. அந்த வேலையின் பெயரே வசைச்சொல் ஆனது.

இது அப்பரின் ஊர். உழவாரத்தைத் தோளில் சுமந்து, கூலி கேட்காமல் கோயில் புல்லைச் செதுக்கினார் என்று அவரைக் கொண்டாடுகிறோம். சரி, அது அவர் விரும்பி எடுத்த வேலை. கூலி வேண்டாம் என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், கூலி கேட்கும் உரிமை முதலில் அவருக்கு இருக்க வேண்டும். எங்கள் தாத்தாக்களுக்கு அது இருந்ததில்லை.

இந்த இடத்திலிருந்து உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகிறேன்.

அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தம். பெரிய அணிகளின் பயிற்சியாளர்களில் சிலர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குவது ஒரு பயிற்சியாளர்தான். மோதுகிற பையன்களுக்கு? படிப்புச் செலவும் விடுதியும் சாப்பாடும். பெரிய அணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பின மாணவர்கள்.

கூலி கேட்டால் ஒரு சொல்லைக் காட்டினார்கள்: 'மாணவ விளையாட்டு வீரர்'. அந்தச் சொல் சும்மா பிறக்கவில்லை. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அவர் கல்லூரியின் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளைச் சமாளிக்கத்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தோம் என்று, கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் பின்னாளில் தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கோட்டை இப்போது இடிந்திருக்கிறது. 2021இல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூன் மாதம் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முன்பு ஆடியவர்களுக்குப் பாக்கியாக சுமார் 280 கோடி டாலர்.

உடனே ஒரு புலம்பல் கேட்டது. காசு வந்தால் விளையாட்டு கெட்டுவிடும், பையன்கள் ஆண்டுக்கு ஒரு கல்லூரி தாவுகிறார்கள், விசுவாசம் போய்விட்டது. பயிற்சியாளர் அதிகச் சம்பளத்துக்கு வேறு கல்லூரிக்குப் போனபோது அதற்கு வளர்ச்சி என்று பெயர். பையன் போனால் விசுவாசம் கெட்டுவிட்டதாம். பண்ணையை விட்டுப் போன ஆளைப் பற்றி நம் ஊரில் பேசிய பேச்சு மாதிரியே இல்லையா?

காசு வாங்காமல் ஆடுவதுதான் தூய்மை என்பது சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள் உண்டாக்கிய கருத்து. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'அமெச்சூர்' என்பதற்கு விதி எழுதியவர்கள், கைத்தொழில் செய்பவர், கூலி வேலை செய்பவர் யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்றே எழுதி வைத்தார்கள். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப் ஒரு பூர்வகுடி. கல்லூரிக் கால்பந்திலும் பெரிய பெயர். முன்பு பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் காசு வாங்கினார் என்று சொல்லிப் பதக்கங்களைப் பறித்தார்கள். இரண்டிலும் அவர் மட்டுமே வெற்றியாளர் என்று மறுபடி எழுத 2022 ஆனது.

நம் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். பல்வங்கர் பாலு. புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டி, வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை. பந்து வீசுவது, உழைப்பு என்பதால், இவர் வேலை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அதற்கு முன்பு புனேயில் அவர் ஆடிய இந்து அணியில், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. அவரை அணித் தலைவராக நியமிக்கவே இல்லை. பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். கட்டணமும் விடுதியும் இலவசம். விடியற்காலை நாலரைக்குப் பயிற்சி, முன்பதிவு இல்லாத பெட்டியில் பயணம், கதவோரம் உட்கார்ந்து தூக்கம். யாரும் முகம் சுளித்ததில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு ஆட்டத்தில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஸ்கேன் எடுக்க அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியது. அடுத்த பருவம் கட்டணம் கட்டச் சொல்லித் தாள் வந்தது. ஆடவில்லை என்றால் சலுகை இல்லை. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துப் படிப்பை முடித்தேன். கோப்பை இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கோப்பை அவர்களுடையது, முட்டி என்னுடையது.

"சீட்டு கொடுத்தோமே, அதுதானே கூலி" என்பார்கள். ஆடுகிற வரைக்கும் சோறு, விழுந்தால் வெளியே என்பதற்குக் கூலி என்று பெயர் இல்லை. இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

கடலூருக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு, அதில் பாதிக்கப்பட்ட சிறுமிகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார் பயிற்சியாளர் மாரியப்பன். இந்த மாவட்டத்துப் பெண்கள் இந்திய அணி வரைக்கும் போனார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். நம் பண்ருட்டியில் பிறந்த சந்தியா ரங்கநாதன், 2018-19 இந்திய மகளிர் லீக்கில் சேது எஃப்சி கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீராங்கனை. அந்த லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற பேச்சே 2023இல்தான் வந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்தது. மாதத்துக்கு 27,000கூட இல்லை. அதே 2023இல் புரோ கபடி ஏலத்தில் பவன் செராவத் போன விலை 2.60 கோடிக்கு மேல். அந்த ஏற்பாட்டாளர்கள் பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளை வைத்து ஒரே ஒரு முறை போட்டி நடத்தினார்கள். அதோடு சரி.

நமக்குப் பரிசு பழகியிருக்கிறது, கூலி பழகவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்று வந்தார் கண்ணகி நகர் கார்த்திகா. அரசு 25 லட்சம் கொடுத்தது. சதுரங்கத்துக்கு 5 கோடி, கபடிக்கு 25 லட்சமா என்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நிறுத்திவிட்டோம். கார்த்திகாவோடு தினமும் அதே மண்ணில் விழுந்து எழுந்த, இந்திய அணிக்குப் போகாத பெண்களுக்கு என்ன கொடுத்தோம்? அவர்கள் பிடிக்காமல் அவர் ரைடு போகப் பழகியிருக்க முடியுமா? பரிசு ஜெயித்தவருக்குக் கிடைப்பது, கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. கூலி உழைத்த எல்லோருக்கும் உரியது, கேட்டு வாங்கலாம். அரசு வேலையில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவுக்குப் போய்ச் சேரும் முன்பே முட்டி போனவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவிடம் கற்க வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. அங்கே வந்த பணத்தில் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. வீராங்கனைகள் சிலர் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். வருமானம் தராத விளையாட்டுகளைக் கல்லூரிகள் மூடத் தொடங்கியிருக்கின்றன. வீரர்கள் இன்னும் சட்டப்படி ஊழியர்கள் இல்லை, அதனால் பேரம் பேசச் சங்கமும் இல்லை. சந்தை கொடுத்த கூலி சந்தைக்குப் பிடித்தவர்களுக்கே போகும். நாம் கேட்கும்போதே பங்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான் கேட்பது மூன்று. கல்லூரிக்காக ஆடும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. அடிபட்டால் மருத்துவச் செலவு கல்லூரியுடையது. அடிபட்டவரின் இடத்தையும் சலுகையையும் படிப்பு முடியும்வரை யாரும் பறிக்கக் கூடாது.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளின் படத்தைப் போட்டுத்தானே சேர்க்கை விளம்பரம் அடிக்கிறார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

இங்கே விளையாடுகிற தம்பி தங்கைகள் இருந்தால், நாளைக்கு அணியில் பத்துப் பேர் சேர்ந்து உடற்கல்வி இயக்குநரிடம் ஒரே ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள். "எங்களுக்குக் காப்பீடு இருக்கிறதா?" ஒற்றை ஆளாகக் கேட்காதீர்கள். பத்துப் பேரை ஒரே நாளில் அணியிலிருந்து நீக்க அவர்களால் முடியாது. சனிக்கிழமை ஆட்டம் இருக்கும்.