எழும்பிய கோடெல்லாம் மாரடைப்பா?



இந்தக் கருத்தரங்கைச் சென்னையில் வைக்காமல் தாமலில் ஏன் வைத்தீர்கள் என்று காலையில் ஒரு நண்பர் கேட்டார். வராகீஸ்வரரையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். உண்மையான பதில் வேறு. நெஞ்சுவலி கேத் லேப் இருக்கும் ஊரைத் தேடிப் போய் வருவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில், தறிக் கூடங்களில், கழனியில் வருகிறது. அந்த நோயாளியின் முதல் ஈ.சி.ஜி.யைப் பார்ப்பவரும் இதய நிபுணர் அல்லர்; இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர். தாளில் எஸ்.டி. பகுதி மேலே எழும்பியிருப்பதை அவர் எப்படி வாசிக்கிறார் என்பதுதான் இன்று நாம் பேச வேண்டியது.

நம் பகுதி நெசவாளரை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் உட்கார்ந்து நாடா தள்ளுபவருக்குத் தோளும் முதுகும் என்றைக்குத்தான் வலிக்கவில்லை? மாரடைப்பு வலி இடது தோளில் இறங்கும்போது அவர் தைலம் தேய்க்கிறார். நெஞ்சைக் கரித்தால் வாயு என்று சோடா குடிக்கிறார். பாவை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். இது நம் ஊர்க்கதை மட்டுமில்லை. 2008இல் லான்செட் இதழில் வந்த ‘கிரியேட்’ ஆய்வு இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைக் கணக்கெடுத்தது. அதில் பாதிப் பேர் வலி தொடங்கி 360 நிமிடங்களுக்குப் பிறகே மருத்துவமனை சேர்ந்திருந்தார்கள். இத்தனை நேரம் ஏற்கெனவே போய்விட்ட நோயாளியிடம் நாமும் நேரத்தை வீணாக்க முடியாது. அதனால்தான் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறோம்.

தமனி அடைபட்டால் எஸ்.டி. எழும்பும் என்று நியூயார்க்கில் ஹரோல்ட் பார்டி 1920இல் எழுதினார். நூறாண்டு கடந்தும் அதையே நம்பி வேலை செய்கிறோம். அளவுகள் உங்களுக்குத் தெரிந்தவை: அடுத்தடுத்த இரண்டு லீட்களில் 1 மி.மீ.; வி2, வி3இல் மட்டும் 40 வயது கடந்த ஆணுக்கு 2, அதற்குக் கீழ் 2.5, பெண்ணுக்கு 1.5. ஆனால் அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டவர் அடிக்கடி ஏமாறுவார்.

ஏனென்றால் எஸ்.டி. உயர்வுக்குக் காரணங்கள் பல. நல்ல திடமான இளைஞனுக்கு மார்பு லீட்களில் இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஜே புள்ளியில் சின்னப் பிசிறு தெரியும். பல வருட ரத்தக் கொதிப்பால் இடது கீழறை தடித்தவருக்கு வி1 முதல் வி3 வரை எழும்பும். டயாலிசிஸைத் தவறவிட்டவருக்குப் பொட்டாசியம் ஏறினாலும், செந்தேள் கொட்டி இதயத் தசை பாதிக்கப்பட்டாலும் இதே கோடு வரலாம். இதய உறை அழற்சியில் ஏறக்குறைய எல்லா லீட்களிலும், சிரித்த வாய் போலக் குழிந்து எழும்பும், பி.ஆர். பகுதி தாழும். மூச்சை இழுத்தால் வலி கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். இது தாளில் இருக்காது, நோயாளியைக் கேட்டால்தான் தெரியும். அவருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினால் உறைக்குள் ரத்தம் கசியும். மகாதமனி கிழிந்து வலது இதயத் தமனியின் வாயை அடைத்தாலும் தாளில் தெரிவது கீழ்ச்சுவர் மாரடைப்புதான். முதுகைப் பிளக்கும் வலி, இரண்டு கையிலும் வேறு வேறு ரத்த அழுத்தம் என்று இருந்தால் ஊசியைக் கீழே வையுங்கள்.

தவறு மறுபுறமும் நடக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. பின்சுவர் மாரடைப்பில் வழக்கமான 12 லீட்களில் உயர்வே தெரியாது. வி1 முதல் வி3 வரை தாழ்ந்திருக்கும். முதுகுப்பக்கம் வி7, வி8, வி9 வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்து, வலி மட்டும் நிற்கவில்லை என்றால் கால் மணி நேரத்தில் மறுபடி எடுங்கள். அடைப்பு மாறிக்கொண்டே இருக்கும், கோடும் மாறும்; இயல்பான உயர்வு மாறாது. இவ்வளவு மலிவான பரிசோதனை நம்மிடம் வேறில்லை. எஸ்.டி. தெளிவாக எழும்பியிருக்கும்போது ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருப்பது பெருந்தவறு. முதல் சில மணி நேரம் அது சரியாகவே இருக்கலாம்.

பழைய ஈ.சி.ஜி. பற்றி ஒரு வார்த்தை. மாரடைப்புக்குப் பிறகு சுவர் புடைத்து நின்றவருக்கு எஸ்.டி. பல வருடம் இறங்காது. பழைய தாள் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் சந்தேகம், இல்லாவிட்டால் தேவையில்லாத ஊசியில் போய் முடியும். நம் மக்கள் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்துவிடுகிறார்கள். ஈ.சி.ஜி. தாளில் பெரும்பாலானவை வெப்பத்தில் பதிவாகும் ரகம். லேமினேஷன் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த தாளைக் கண்ணாடிபோல் பளபளவென்று நீட்டிய நோயாளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு ஜெராக்ஸ் கொடுங்கள். செல்போனிலும் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாரடைப்புச் சிகிச்சையில் நம் மாநிலம் பின்தங்கியதில்லை. சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்துச் செய்த ‘தமிழ்நாடு ஸ்டெமி’ ஆய்வு 2017இல் வெளியானது. அதில் 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை பெட்டியில் இருப்பதால் கோட்டை வாசிக்கும் கண் வந்துவிடாது. கருவி அச்சடிக்கும் கணினி விளக்கத்தை அப்படியே நம்பி வண்டி ஏற்றுகிறவர்களும் உண்டு, சும்மா விடுகிறவர்களும் உண்டு. தயங்கினால் படத்தை மையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சலிக்காமல் பதில் சொல்வது எங்கள் கடமை.

முதல் அமர்வு கீழ்ச்சுவர் மாரடைப்பு பற்றியது. வலது மார்பில் வி4ஆர் எடுக்காமல் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைத்து, ரத்த அழுத்தம் மடமடவென்று விழுந்த அனுபவம் இந்த அரங்கில் பலருக்கு இருக்கும். கட்டுரையாளர் முடித்ததும் அவற்றை எழுந்து சொல்லுங்கள். இப்போது அவரை மேடைக்கு அழைக்கிறேன்.