கல்யாணம் ஒரு நாள், கடன் எத்தனை நாள்?

(நமது பங்கின் பொன்விழா ஆயத்தமாக நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் ஜெபத்தைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏனெனில், நம் இல்லங்களில் ஜெபத்தைக் கெடுப்பதும், கணவன் மனைவியிடையே சச்சரவை மூட்டுவதும், ஞாயிறு திருப்பலிக்கு வரக்கூட முகமில்லாமல் ஒரு மனிதனை ஒதுங்கச் செய்வதும் பல நேரங்களில் கடன்தான். அந்தக் கடனுக்குப் பெரும்பாலும் கல்யாணம் என்று பெயர்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியோர். இரண்டும் கடினம் என்பதற்காகச் சொன்னது. நாமோ கல்யாணத்தைப் பண்ணுவதற்காகக் கட்டிய வீட்டையே விற்றுவிடுகிறோம்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு தந்தை ஒரு நாள் அந்தி நேரத்தில் அறைக்கு வந்தார். "சாமி, வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன். என்னைத் தெரியும் என்று ஒரு கடிதம் தாருங்கள்" என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் மகளின் திருமணத்தை நான்தான் மந்திரித்திருந்தேன். ஊரே மெச்சிய திருமணம். பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்து உண்டு, "பிரமாதம்" என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது மகளின் நகைகள் அடகில். வட்டி கட்ட அவர் வெளியூர் போய்க் கூலி வேலை செய்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் "பிரமாதம்" என்ற சொல் என்னையே குத்தியது.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன். என் தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. 1988-ஆம் ஆண்டு என் அக்காள் கல்யாணம். நான் குருமடத்து மாணவன். விடுமுறையில் வந்து ஓடியாடி வேலை செய்தேன். இரண்டு நாள் ரேடியோ செட், தெருவை அடைத்த பந்தல், வேட்டு, வாடகைக் கார் என்று வீடு அமர்க்களப்பட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது வயல் கொஞ்சம் குறைந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் இறந்தபின் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. முதல் இரண்டு பக்கம் கல்யாணச் செலவு. மற்றப் பக்கங்களெல்லாம் வட்டியும் அசலும். கடைசித் தவணை கட்டிய ஆண்டு 2001. அப்போது அக்காளின் மூத்த பெண் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்! அந்த நோட்டின் நடுவில் என் பெயரும் இருந்தது. 1997-இல் என் முதல் நன்றித் திருப்பலிக்கு ஊருக்குச் சாப்பாடு போட்டாரே, அதுவும் கடன்தான். ஏழைகளுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்ட குரு, தன் தந்தையின் கடனில் விருந்து உண்டுவிட்டுப் புறப்பட்டிருக்கிறேன். ஆகவே உங்களைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. கற்றுக்கொண்டதைச் சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது.

திருச்சபை திருமணத்திற்கு எதைக் கேட்கிறது? நம் பாட்டிமார் "மெய்விவாகம்" என்று சொன்ன அந்த அருட்சாதனத்தின் உயிர், மணமக்கள் மனமொத்துத் தரும் சம்மதம். அதை ஏற்க ஒரு குரு அல்லது திருத்தொண்டர், இரண்டு சாட்சிகள். இவ்வளவுதான். காணிக்கை கொடுக்க இயலாத காரணத்தால் எந்த ஏழைக்கும் அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 848-ஆம் எண் கவனமாய்ச் சொல்கிறது. அப்படியானால் மற்றவை யார் கேட்பவை? நாம் கேட்பவை, "நாலு பேர்" கேட்பவை.

விருந்து வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கானா ஊரில் விருந்துக்குப் போனவர் நம் ஆண்டவர். ஆனால் அதே ஆண்டவர், கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். "உட்கார்ந்து" என்பதைக் கவனியுங்கள். நாமோ ஓடிக்கொண்டே கணக்குப் போடுகிறோம்.

ஆகவே முதற்காரியம்: நிச்சயத்திற்கு முன்பே இரு வீட்டாரும் ஒன்றாக உட்காருங்கள். மணமக்களும் கூட இருக்கட்டும். ஒரு தாளில் ஐந்து தலைப்பு எழுதுங்கள்: நகை, துணி, மண்டபம், சாப்பாடு, மற்றவை. கையில் இருப்பது எவ்வளவு என்று முதலில் எழுதி, அதன்பின் செலவைப் பிரியுங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். செலவை முடிவு செய்துவிட்டுப் பணத்தைத் தேடுகிறோம். நூற்றுக்குப் பத்து எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கி வையுங்கள். மொய்யை வரவில் எழுதாதீர்கள். அது வருமானமல்ல, நாளை திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

இரண்டாவது, சேமிப்பு. அது நிச்சயத்தன்று தொடங்குவதல்ல; பிள்ளை தொட்டிலில் இருக்கும்போது தொடங்குவது. 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய். கட்டும் காலம் 15 ஆண்டு. பதினெட்டு வயதுக்குப் பின் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். படிப்பையும் கல்யாணத்தையும் ஒன்றாக நினைத்துச் சேமிக்க இது உதவும். முதலில் படிப்பு என்பதை மறவாதீர்கள். மகன் இருக்கும் வீட்டிலும் அஞ்சலகத் தொடர் வைப்பு போடலாம். மாதம் 2,000 ரூபாய் ஐந்தாண்டு கட்டினால் அசல் மட்டுமே 1,20,000 ரூபாய். வேலைக்குப் போகும் இளைஞர்களே, உங்கள் கல்யாணச் செலவைப் பெற்றோர் தலையில் முழுவதும் வைக்காதீர்கள். சீட்டுப் போடுகிறவர்கள், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுத்தானா என்று கேட்டுப் போடுங்கள். பட்டதாரிப் பெண்ணுக்குத் தாலிக்குத் தங்கம் வருமென்று இன்னமும் சிலர் காத்திருக்கிறார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்த உதவி 2022-இல் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, நகை. பத்துப் பவுன் என்பது 80 கிராம். செய்கூலியும் சேதாரமும் நூற்றுக்குப் பதினைந்து என்றால், ஒன்றரைப் பவுன் விலை கடையிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் வரி. விற்கப் போனால் அது திரும்பாது. வேலைப்பாடு குறைந்த சில நகைகள் போதாதா? நகை கேட்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்றால் ஒன்று சொல்கிறேன்: வரதட்சணை கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பீடத்தின் முன் நின்று "உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும் வாய், அதற்கு முன்பு எத்தனை பவுன் என்று கேட்டிருக்கலாமா?

நான்காவது, மண்டபமும் சாப்பாடும். முகூர்த்த நாள் நமக்கில்லை. ஆனால் மண்டபக்காரருக்கு உண்டு. ஆடி மாதத்தில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. நாமோ மற்றவர்களோடு போட்டியிட்டு வைகாசியில் கூடுதல் வாடகை கொடுக்கிறோம். தவக்காலத்தைத் தவிர்த்து, முகூர்த்தமில்லாத வார நாளாகப் பார்த்துப் பேரம் பேசுங்கள். இலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 600 இலைக்கு 1,20,000. 350 இலைக்கு 70,000. வித்தியாசம் 50,000 ரூபாய். பெண் கொண்டுபோகும் சீர்ப் பாத்திரங்களுக்கு அது போதாதா? அழைப்பிதழை எண்ணி அடியுங்கள். பந்தி தானே அளவுக்கு வரும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

கடைசியாக வட்டி. "மூன்று வட்டிதானே" என்கிறோம். மூன்று வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு மூன்று, ஆண்டுக்கு 36. இரண்டு லட்சம் வாங்கினால் மாதம் 6,000. மூன்று ஆண்டு நிறைவதற்குள் வட்டியே அசலைத் தாண்டிவிடும். அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆனால் வாங்குகிறவன் வெட்கத்தால் வாய் திறக்காத வரை சட்டம் என்ன செய்யும்?

பிரியமானவர்களே, இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் செய்கிறோம்? அஞ்சுகிறோம். "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சுகிறோம். என் தந்தையும் அதற்குத்தான் அஞ்சினார். ஆனால் அந்த ஊர் யார்? நாம்தானே! அடுத்தவர் பந்தியில் அமர்ந்துகொண்டு "பாயசம் ஒன்றுதானா?" என்று கேட்பது நம் வாய். பெண்ணின் கழுத்தைப் பார்த்துப் பவுன் எண்ணுவது நம் கண். பெரிய வீட்டுக் கல்யாணத்திற்கு முந்திப் போய், கூலிக்காரன் வீட்டுக் கல்யாணத்திற்கு நேரமில்லை என்று சொல்லிய குருக்களில் நானும் ஒருவன். ஒரு குடும்பம் தனியாகச் சிக்கனம் செய்தால் அது ஏழ்மை என்று பேசப்படும். ஒரு பங்கே சேர்ந்து செய்தால் அது ஒழுக்கமாகிவிடும்.

கானாவில் இரசம் தீர்ந்தபோது அன்னை மரியாள் என்ன செய்தார்கள்? பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுக்கவில்லை. மகனிடம் மட்டும் சொன்னார்கள். விருந்து வீட்டாரின் மானம் காக்கப்பட்டது. பணியாளர் செய்ததும் தங்களால் இயன்றதுதான். ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பினார்கள். கடன் வாங்கி இரசம் கொண்டுவரவில்லை. இயன்றதை விளிம்பு வரை நிரப்பினால் போதும். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பொன்விழாவிற்கு நாம் கொடி ஏற்றுவோம், மலர் வெளியிடுவோம். அதோடு ஒரு தீர்மானமும் செய்வோமா? நம் பங்கு மண்டபம் எளிய திருமணங்களுக்கு மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் மட்டும் பெற்றுக்கொண்டு தரப்படட்டும். இதைப் பங்குப் பேரவையில் நானே முன்மொழிகிறேன். ஓலை எழுத வரும் இரு வீட்டாரும் அந்த ஐந்து தலைப்புத் தாளையும் கொண்டு வரட்டும். நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். யார் வீட்டுப் பந்தியிலும் குறை சொல்வதில்லை என்று ஒவ்வொருவரும் தமக்குள் உறுதி எடுங்கள். நானும் எடுக்கிறேன். இனி எந்தக் கல்யாண வீட்டிலும் "பிரமாதம்" என்று சொல்லமாட்டேன். "கடனில்லாமல் முடித்தீர்களா?" என்றுதான் கேட்பேன். "ஆம் சாமி" என்று சொல்லும் தந்தையின் கையைப் பிடித்து, என் தந்தைக்குச் சொல்லத் தவறிய வாழ்த்தை அவருக்குச் சொல்வேன்.

கானாவூர்க் கல்யாண வீட்டில் விருந்தினராய் அமர்ந்த இறைமகன், நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் தங்கி, மணமக்களைக் கடன் சுமையின்றி வாழ்வைத் தொடங்கச் செய்வாராக. ஆமென்.