பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் நீட்டி முழக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நானும் இதே மண்டபத்தில் அப்படித் தவித்தவன்தான்! ஆகவே, ஒரு கதை சொல்லிவிட்டு அமர்கிறேன்.

'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பெற்றோர் பலர் அறிவீர்கள். 1987 முதல் 1994 வரை வந்த அதன் அடுத்த தலைமுறைத் தொடரில் டேட்டா என்றொரு பாத்திரம். பார்த்தால் ஆள் மாதிரியே இருப்பான். ஆனால் அவன் ஓர் இயந்திர மனிதன். விண்கப்பலில் அதிகாரி. வயலின் வாசிப்பான், பூனை வளர்ப்பான்.

1989இல் வந்த ஒரு கதையில் மேடாக்ஸ் என்னும் விஞ்ஞானி, அவனைக் கழற்றிப் பார்த்து, அவனைப்போல் நிறையப் பேரைச் செய்யத் துடிக்கிறார். டேட்டா மறுக்கிறான். அட, பொருளுக்கு ஏது மறுக்கும் உரிமை? வழக்கு விசாரணைக்கு வருகிறது. அப்படிச் செய்து வேலை வாங்கினால் அது ஓர் அடிமை இனம் ஆகாதா என்று கேட்கிறார் கப்பல் தலைவர் பிக்கார்ட். தன் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டேட்டாவுக்கு உண்டு என்று தீர்ப்பாகிறது.

இத்தொடரை ஒட்டி ஜெஃப்ரி லேங் எழுதி 2002இல் வெளிவந்த நாவல் 'இம்மார்ட்டல் காயில்'. அதில் அதே மேடாக்ஸ், பாழான ஆய்வுக்கூடத்தில் நினைவிழந்து கிடக்கிறார். நாமாக இருந்தால், "நல்லா வேணும்!" என்போம். டேட்டாவோ என்ன நடந்தது என்று தேடிப் புறப்படுகிறான். தன்னைப் பொருளாக எண்ணியவரையும் அவன் மனிதராகவே பார்க்கிறான்.

இன்று செயற்கை அறிவு கைப்பேசியிலேயே கட்டுரை எழுதித் தருகிறது. அதற்கு உள்ளம் உண்டா என்று அறிஞர்கள் வாதாடட்டும். மனிதனைப் பொருளாக எண்ணும் வழக்கம் மட்டும் நமக்குப் புதிதல்ல.

என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் தலையைத்தான் எண்ணுவார்களாம். "பேரைச் சொல்லி யாருப்பா கூப்பிட்டாங்க!" என்பார். அவர் பேரனான என்னை முழுப்பெயர் சொல்லி முதன்முதலில் அழைத்தது இந்தப் பள்ளியின் வருகைப் பதிவேடுதான். அன்று "உள்ளேன் ஐயா" என்று நான் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கே கேட்டது!

பரிசு பெறும் செல்வங்களே, வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளே, மதிப்பெண் உங்கள் விலைச்சீட்டு அன்று. இன்று வீடு திரும்பும்போது, கூடப் படித்தும் மேடையேறாத ஒரு தோழனை, ஒரு தோழியைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கூட அழைத்துக்கொண்டு போங்கள். எனக்கு அதுவே போதும்.