இருமல் வரட்டும் என்று காத்திருப்பதா?



காசநோயாளி தானாக ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்கிறார்கள். இருமலே இல்லாமல் நோயைச் சுமப்பவர் ஏராளம். இருமுகிறவரும் ஒரு நாள் கூலி போகுமே என்று வருவதில்லை.

வியத்நாமின் தென்கோடியில் உள்ள கா மாவ் மாகாணத்தில் 2014-ல் என்ன செய்தார்கள்? 60 பகுதிகளில் ஊழியர்கள் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். இருமல் உண்டா என்று பார்க்கவில்லை. 15 வயதைத் தாண்டிய எல்லோரிடமும் சளி கேட்டார்கள். (கேட்டவுடன் சளி வந்துவிடுமா என்ன!) ஆண்டுக்கொரு முறை, 3 ஆண்டுகள், நோய் கண்டவருக்கு வைத்தியம். நான்காம் ஆண்டில் அங்கே லட்சத்துக்கு 126 பேரிடம் நோய்; வீடு தேடிப் போகாத பகுதிகளில் 226.

ஒரு நாள் முகாம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் வெகுதூரம். நமது சேரிகளுக்கும் ஆண்டுதோறும் வரட்டும்; சோதனை நாளுக்குக் கூலியும் தரட்டும் என்று கேட்கிறோம்.